புறம்போக்கில் ஒரு தோட்டம்

தமிழகத்துக் கிராமங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புறம்போக்கு என்னும் சொல்லைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. எவருடைய பட்டாவிலும் சேராமல், அரசாங்கத்தின் கணக்கில் நின்று, ஊர் முழுமைக்கும் பயன்படுகிற நிலம் அது. ஏரிக்கரை, மேய்ச்சல் தரை, களம், வண்டிப் பாதை ஆகியவை அதில் அடங்கும். பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களுக்கு வந்து நகரங்களில் குடியேறிய நாம் அந்தச் சொல்லை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோம். ஆனால் அந்த நிலம் நம்மை விட்டபாடில்லை. டில்லியானாலும், மும்பையானாலும், பெங்களூரானாலும், நாம் குடியிருக்கும் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அப்படி ஒரு துண்டு நிலம் இருந்தே தீரும். சாக்கடைக்கும் மதிற்சுவருக்கும் இடைப்பட்ட நீண்ட பட்டையாக இருக்கலாம். ரெயில் பாதையின் ஓரமாக இருக்கலாம். பூங்காவுக்கென்று படத்தில் வரைந்து, பூங்கா வராமலே போன மனையாகவும் இருக்கலாம்.

அந்நிலத்தின் கதை எங்கும் ஒன்றுதான். முதலில் ஒருவர் வீடு இடித்த செங்கல்லைக் கொண்டுவந்து கொட்டுகிறார். அதைக் கண்டு மற்றொருவர் குப்பையைக் கொட்டுகிறார். பிறகு பார்த்தீனியம் முளைக்கிறது. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு அவ்வழியே நடந்து போய், மாநகராட்சியைக் குறை கூறிவிட்டு வீடு சேர்கிறோம். எல்லோருக்கும் சொந்தமானது ஒருவருக்கும் சொந்தமில்லாததாகிவிடுகிறது. அத்தகைய நிலத்தில் அந்த மண்ணுக்கே உரிய செடிகளையும் மரங்களையும் கொண்டு ஊரார் கூடி ஒரு தோட்டம் அமைப்பது எப்படி என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். நாங்கள் இதை நூல்களில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. இருமுறை தோற்று, மூன்றாம் முறை ஓரளவு கற்றுக்கொண்டவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்.

டில்லி நகரின் தென்மேற்குப் பகுதியில் நாங்கள் வசிக்கும் குடியிருப்பை ஒட்டி, மழைநீர்க் கால்வாயின் கரையில், சுமார் அரை ஏக்கர் நிலம் பாழாய்க் கிடந்தது. அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் விழாவின்போது அதைத் தோட்டமாக்குவதென்று தீர்மானித்தோம். உற்சாகத்துக்குக் குறைவில்லை. பணம் திரட்டினோம். நாற்றங்காலுக்குச் சென்று நெட்டிலிங்கம், குல்மோகர், அழகுப் பனை முதலியவற்றை வாங்கினோம். நம் ஊரின் நினைவு விடவில்லையாதலால் வாழைக் கன்றும் முருங்கைக் கொம்பும் வரவழைத்தோம். தை மாதத்து இளவெயிலில், சர்க்கரைப் பொங்கல் வழங்கி, புகைப்படம் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் நட்டோம்.

முருங்கைக் கொம்பு அந்தக் குளிரில் துளிர்க்கவே இல்லை. எஞ்சியவை பங்குனி வரையில் நின்றன. சித்திரையில் அனற்காற்று வீசத் தொடங்கியது. டில்லிவாசிகள் 'லூ' என்று அழைக்கும் அந்தக் காற்றில் வாழை இலைகள் காகிதம்போல் கருகின. வைகாசி முடிவில் ஒரேயொரு நெட்டிலிங்கம் மட்டும் பாதி உயிரோடு நின்றது. செலவழித்த பணத்தைவிட, போகிற வருகிறவர்களின் புன்னகைதான் எங்களை அதிகம் சுட்டது.

அக்காலத்தில் எங்கள் குடியிருப்பின் பூங்காவில் வேலை பார்த்த தோட்டக்காரர் ஒருவர் இருந்தார். அரியானா மாநிலத்துக் கிராமத்திலிருந்து வந்த முதியவர். அனைவரும் அவரைத் 'தாவூ' என்பர். பெரியப்பா என்பது அதன் பொருள். காய்ந்த கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த எங்களிடம் அவர் வந்து நின்றார்.

"எந்த மாதத்தில் நட்டீர்கள், பாபுஜி?" என்று கேட்டார்.

"பொங்கலன்று, தாவூஜி. உங்கள் மகர சங்கராந்தி அன்று."

"சாவன் மாதத்துக்கு முன்னால் இங்கே எதை ஊன்றினாலும் லூ அதைத் தின்றுவிடும். எங்கள் ஊரில் குழந்தைக்கும் இது தெரியும்."

சாவன் என்பது ஏறக்குறைய நம் ஆடி மாதம். அதைக் கேட்டதும் எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. ஆடிப் பட்டம் தேடி விதை என்னும் பழமொழியைப் பள்ளியில் ஒப்புவித்தவர்கள் நாங்கள். சென்னை நகருக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. டில்லிக்கோ ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் ஆகிய மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. அந்த மழையில் வேர் பிடித்த கன்றுதான் அடுத்த கோடையைத் தாங்கும். முன்னோர் சொல்லிவைத்த மாதமும் இங்கிருப்பவர் சொல்லும் மாதமும் ஒன்றாயிருக்க, நாங்கள் இரண்டையும் கேளாமல் எங்களுக்கு வசதியான நாளில் நட்டிருந்தோம்.

தாவூ அடுத்தபடியாகக் கூறியது இன்னும் முக்கியமானது. நாங்கள் வாங்கி நட்டவற்றில் ஒன்றுகூட இந்த மண்ணின் மரமில்லை என்றார் அவர். "அப்படியானால் இந்த மண்ணின் மரம் எது?" என்று கேட்டோம். அவர் பதிலுரைக்காமல், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களை நகருக்குத் தெற்கே ஆரவல்லிக் குன்றுகளுக்கு அழைத்துச் சென்றார்.

டில்லியின் முதுகெலும்பாக நிற்கும் குன்றுத் தொடரை இங்கே 'ரிட்ஜ்' என்பர். ஆரவல்லி மலையின் வடகோடி அது. அங்கே எங்களுக்கு முதலில் அறிமுகமானது ஒரு பழைய பகைவன். விலாயதி கீகர் என்று தாவூ காட்டிய முள்மரத்தைக் கண்டவுடன், இராமநாதபுரத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர், "இது நம் சீமைக் கருவேலம் அல்லவா!" என்று கூவினார். ஆம், அதுவேதான். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இந்த மரம், புதிய தலைநகரை ஆங்கிலேயர் அமைத்த காலத்தில், குன்றுகளை விரைவில் பசுமையாக்கும் பொருட்டு இங்கே வளர்க்கப்பட்டது. விரைவில் பசுமையாக்கவும் செய்தது. ஆனால் தன் அடியில் பிறிதொன்று எளிதில் முளைக்க அது இடங்கொடுப்பதில்லை. வெட்ட வெட்டத் தழைக்கிறது. ரிட்ஜின் பெரும்பகுதி இன்று அதன் ஆட்சியில் இருக்கிறது. விலாயதி என்றாலும் சீமை என்றாலும் பொருள் ஒன்றே. இரண்டு மொழிகளும் ஒரே விருந்தாளிக்கு ஒரே பெயரைச் சூட்டியிருக்கின்றன.

அப்பால், கருவேலம் நுழையாத பாறைச் சரிவுகளில், தாவூ ஒவ்வொன்றாகக் காட்டினார். அவர் 'ஜாண்ட்' என்றது வன்னி மரம். விருத்தாசலம் திருக்கோயிலில் தல விருட்சமாக நிற்கிறதே, அதே வன்னி. இராசத்தானத்தார் அதைக் கேஜ்ரி என்பர். அம்மாநிலத்தின் மாநில மரமும் அதுவே. 1730 ஆம் ஆண்டில் ஜோத்பூருக்கு அருகிலுள்ள கேஜர்லி என்னும் கிராமத்தில், அரண்மனைக்காக அந்த மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி என்னும் பெண்மணி முதலாக 363 பேர் மரங்களைத் தழுவி நின்று உயிர் நீத்தனர் என்று பிஷ்னோய் மக்கள் இன்றும் போற்றுகின்றனர்.

அவர் 'அமல்தாஸ்' என்றது கொன்றை. 'டாக்' என்றும் 'பலாஷ்' என்றும் சொன்னது நம் புரசு. 'ரோஞ்ச்' என்றது வெள்வேலம். 'பீலு' என்றது உகா. 'ஹிங்கோட்' என்றது நஞ்சுண்டான். கீழே புதர்களைக் காட்டி 'கங்கி' என்றார், அது துத்தி. கங்கி என்றால் சீப்பு. துத்திக் காயைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் வந்ததென்று சொல்ல வேண்டாம். 'அடூசா' என்றது ஆடாதொடை. ஆடு தொடாத செடியாதலின் அதற்கு நம் முன்னோர் அப்பெயரிட்டனர். தாவூவும், "ஆடு இதைத் தின்னாது" என்று சொல்லித்தான் அதைக் காட்டினார்.

'தௌ' என்னும் மரம் ஒன்றே எங்களுக்கு முற்றிலும் புதிது. நம் மலைக்காடுகளில் வளரும் வெக்காலியின் நெருங்கிய உறவு அது. குர்காவ் நகருக்கும் பரீதாபாத் நகருக்கும் இடையே மாங்கர் பனி என்றொரு காடு இருக்கிறது. குதரியா பாபா என்னும் துறவியின் பெயரால் அங்குள்ள கிராமத்தார் அதில் ஒரு கிளையையும் ஒடிப்பதில்லை என்று தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகின்றனர். நம் நாட்டில் ஐயனாருக்கென விடப்பட்ட கோயிற்காடுகளைப் போன்றது அது. அங்கே தௌ மரங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் அடர்ந்து நிற்பதைக் காணலாம். இந்தப் பகுதியின் நிலம் மனிதன் கைபடுமுன் எவ்வாறு இருந்தது என்பதற்கு அக்காடு ஒரு சாட்சி.

அன்று மாலை வீடு திரும்பும்போது எங்கள் உள்ளத்தில் ஒரு மாறுதல் ஏற்பட்டிருந்தது. இருபது, முப்பது ஆண்டுகளாக இந்நகரத்தில் வாழ்ந்தும், இதை அந்நிய மண் என்றே எண்ணியிருந்தோம். வன்னியும் கொன்றையும் புரசும் நமக்கு முன்பே இங்கே இருக்கின்றன என்பதை அறியாமல், அவற்றின் நடுவிலேயே வாழ்ந்திருக்கிறோம்.

மண்ணுக்குரிய மரம் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும், பச்சையாக இருந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு மூன்று விடைகள் உண்டு. முதலாவது தண்ணீர். வன்னி தன் வேரை மிக ஆழத்தில் செலுத்தி ஈரம் தேடும் இயல்புடையது. இரண்டு கோடைகளுக்கு நாம் நீர் ஊற்றினால், அதன்பின் தானே பிழைத்துக்கொள்ளும். புல்தரையும் அழகுப் பனையும் என்றென்றைக்கும் குழாயை எதிர்பார்ப்பவை. குடிநீருக்கே லாரியை எதிர்நோக்கும் நகரத்தில் இது சிறிய விஷயமன்று.

இரண்டாவது, அந்த மண்ணின் பிற உயிர்கள். வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றின் புழுக்கள் கண்ட இலையைத் தின்பதில்லை; தமக்குரிய செடியையே நாடுகின்றன. எருக்கு இலையைத் தின்று வளரும் வெந்தய நிறப் பட்டாம்பூச்சியை நாம் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். எருக்கைக் களையென்று ஒழித்துவிட்டால் அந்தப் பூச்சிக்கு அங்கே வாழ்வில்லை. பூச்சி இல்லாத இடத்தில் குஞ்சுக்கு இரை தேடும் குருவிக்கும் வேலையில்லை.

மூன்றாவது, செலவு. மண்ணின் மரத்துக்கு விதை தெருவிலேயே கிடைக்கிறது. கொன்றைக் காயைப் பொறுக்கி வந்து, விதையின் கெட்டியான தோலைச் சற்றே உரசியோ, வெந்நீரில் ஊறவைத்தோ விதைத்தால் முளைத்துவிடும். காட்டிலிருந்து கன்றுகளைப் பிடுங்கி வருவது மட்டும் கூடாது. ஓரிடத்தை அழித்து மற்றோரிடத்தை அலங்கரிப்பது தோட்டக் கலையாகாது.

இவை நடக்கக் கூடியவைதாமா என்று ஐயுறுவோருக்குச் சில உதாரணங்கள் சொல்வோம். குர்காவில் கல் உடைத்துத் தோண்டிப் பாழான சுமார் 380 ஏக்கர் நிலத்தில், 2010 ஆம் ஆண்டு முதல் குடிமக்களின் அமைப்பு ஒன்று மாநகராட்சியுடன் சேர்ந்து ஆரவல்லியின் சொந்த மரங்களை வளர்த்தது. விஜய் தஸ்மானா என்னும் இயற்கையியலார் காடுகளில் அலைந்து விதை சேகரித்து, விற்பனைக் கடைகளில் கிடைக்காத கன்றுகளைத் தாமே வளர்க்க வழிகாட்டினார். பள்ளிப் பிள்ளைகளும் அலுவலக ஊழியர்களும் வந்து நட்டனர். காப்புக் காடுகளுக்கு வெளியே இயற்கையைத் திறம்படப் பாதுகாக்கும் இடம் என்ற அங்கீகாரத்தை இந்தியாவிலேயே முதன்முதலாக 2022 பிப்ரவரி 2 ஆம் நாள் அந்தப் பூங்கா பெற்றது.

ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டையின் அடியிலுள்ள பாறை நிலம் இதைவிடக் கடினமானது. அங்கும் சீமைக் கருவேலம் பாறை வெடிப்புகளில் வேரூன்றி நின்றது. மேலே வெட்டினால் மறுபடி தழைத்தது. 2006 ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த முயற்சியில் பிரதீப் கிருஷன் என்பவர் ஈடுபட்டிருந்தார். டில்லி மரங்களைப் பற்றி நூலெழுதியவர் அவர். இறுதியில் அவர்களுக்கு வழிகாட்டியவர்கள் கந்த்வாலியா எனப்படும் கல்லுடைக்கும் தொழிலாளர்கள். சுத்தியலின் ஓசையைக் கேட்டே பாறையின் தன்மையை அறியும் அவர்கள், உளியால் பாறையைத் திறந்து வேரை அடியோடு எடுத்தனர். வேர் இருந்த குழியிலேயே பாலை நிலத்துச் செடிகளை நட்டனர். ராவ் ஜோதா பூங்கா என்ற பெயரில் அது 2011 முதல் மக்களுக்குத் திறந்திருக்கிறது. பட்டம் பெற்றவர்கள் தேடிய விடையைக் கல்லுடைப்பவர்கள் கையில் வைத்திருந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

மும்பைவாழ் தமிழருக்கு வேறோர் உதாரணம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. தாராவிக்கு அருகில், மித்தி ஆற்றங்கரையில், நகரத்தின் குப்பையெல்லாம் கொட்டிக்கிடந்த 37 ஏக்கர் மேட்டில் 1983 ஆம் ஆண்டு மரநடவு தொடங்கிற்று. 1994 ஏப்ரல் 22 ஆம் நாள் அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இன்று அந்த மேட்டில் நடப்பவர், தம் காலடியில் குப்பை இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டார்.

இனி எங்கள் கதைக்குத் திரும்புவோம். தாவூவின் சொற்படி அடுத்த வைகாசியில் குழி வெட்டி வெயிலில் காயவிட்டோம். ஜூலையில் இரண்டு நல்ல மழை பெய்து மண் ஊறிய பின்னர் வன்னி, புரசு, கொன்றை, தௌ, வெள்வேலம் ஆகியவற்றை நட்டோம். ஆடு மேயும் பக்கத்தில் வேலியாக ஆடாதொடையை வைத்தோம். உதிர்ந்த வேப்பிலையைக் கன்றுகளின் அடியில் பரப்பினோம். வீட்டுக்கு ஒரு வாளி நீர் என்று முறை வைத்துக்கொண்டு இரண்டு கோடைகளைக் கடந்தோம். கன்றுகள் இடுப்பளவு வளர்ந்தன. வெளியார் பார்வைக்கு அது இன்னமும் முட்புதராகத்தான் தோன்றியிருக்கும். எங்களுக்கோ ஒவ்வோர் இலையும் தெரியும்.

அந்த மூன்றாம் ஆண்டில், நகரைச் சுத்தம் செய்யும் இயக்கம் ஒன்று நடந்தது. நாங்கள் அலுவலகம் சென்றிருந்த ஒரு பகற்பொழுதில் சில ஆட்கள் அரிவாளுடன் வந்து, களை என்று கருதி அனைத்தையும் தரைமட்டமாக வெட்டிச் சென்றுவிட்டனர். மாலையில் திரும்பிய நாங்கள் கண்டது வெறுந் தரை. எங்களில் ஒரு மூதாட்டியார், நாள்தோறும் தம் பேரனுடன் வந்து ஒரு புரசங்கன்றுக்கு நீர் ஊற்றியவர், வாளியைக் கையில் பிடித்தபடியே வெகுநேரம் நின்றிருந்தார்.

கோபத்துடன் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு அனுமதிக் கடிதம் இருக்கிறதா?" என்றார். இல்லை. "அது தோட்டம் என்று அங்கே பலகை இருந்ததா?" இல்லை. "வெட்டும்போது அக்கம்பக்கத்தார் எவரேனும் தடுத்தார்களா?" அதற்கும் எங்களிடம் பதிலில்லை.

மூன்றாவது கேள்விதான் எங்களை உறங்கவிடவில்லை. அந்நிலத்தைச் சுற்றி நூறு வீடுகள் உள்ளன. பஞ்சாபியர், வங்காளியர், கடுவாலியர், அரியானாக்காரர் எனப் பலரும் வாழ்கின்றனர். பட்டப்பகலில் வெட்டும்போது அவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏன்? அது 'மதராசிகளின் தோட்டம்' என்று அவர்கள் எண்ணியிருந்தனர். அப்படி எண்ணும்படி வைத்தவர்கள் நாங்களே. கூட்டம் தமிழில், நீர்முறைப் பட்டியல் தமிழில், பொங்கல் நம் வீட்டாருக்கு மட்டும். மரங்கள் இந்த மண்ணுக்கு உரியவை, தோட்டமோ உரியதாகவில்லை. சீமைக் கருவேலத்தைக் குறைகூறிய நாங்கள், அதன் குணத்தில் ஒன்றை எங்களை அறியாமலே மேற்கொண்டிருந்தோம்: எங்கள் நிழலில் பிறர் வந்து நிற்க இடம் வைக்கவில்லை.

வேர்களை அவர்கள் எடுக்கவில்லை என்பது ஒன்றே நற்பேறு. புரசும் வன்னியும் இலந்தையும் வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும் இயல்புடையவை. அடுத்த ஆடியில் பாதிக்கு மேற்பட்டவை தலைகாட்டின. இம்முறை நாங்கள் வேறு விதமாகத் தொடங்கினோம். அதிலிருந்து கற்றதையே உங்களுக்கு முறைப்படச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் நிலம் யாருடையது என்று கண்டறிய வேண்டும். ஒரே தெருவில் மாநகராட்சி நிலமும், வளர்ச்சி வாரியத்தின் நிலமும், ரெயில்வே நிலமும் அடுத்தடுத்து இருக்கலாம். உரியவரிடம் எழுத்து மூலமாக அனுமதி பெற வேண்டும். குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் விண்ணப்பித்தால் எளிதில் கிடைக்கும். அங்கு ஏற்கெனவே நிற்கும் மரம் முள்மரமே ஆனாலும், அனுமதியின்றி வெட்டக் கூடாது. டில்லியில் 1994 ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஒரேயடியாக வெட்டுவதைவிட, அனுமதியுடன் அதன் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட்டு, அடியில் சொந்த மரங்களை வளர்த்து வருவதே நிதானமான வழி.

இரண்டாவதாக, அந்நிலத்தை இப்போது பயன்படுத்துவோர் யார் என்று பார்க்க வேண்டும். பாழ்நிலம் என்று நமக்குத் தோன்றுவது பிறர்க்குப் பிழைப்பாக இருக்கலாம். எங்கள் நிலத்தின் ஒரு மூலையில் பழைய காகிதமும் தகரமும் பிரித்து விற்கும் குடும்பம் ஒன்று இருந்தது. மற்றொரு பக்கத்தில் பிள்ளைகள் பந்து விளையாடினர். விறகுக்கு முள்வெட்ட வரும் பெண்கள் இருந்தனர். தோட்டம் என்ற பெயரால் அவர்களைத் துரத்துவது எளிது, நியாயமன்று. பிள்ளைகளுக்கு நடுவில் திடல் விட்டோம். காகிதம் பிரிக்கும் குடும்பத்துக்கு அந்த மூலையை விட்டோம். இரவில் குப்பை வண்டி வந்தால் முதலில் குரல் கொடுப்பவர்கள் இன்று அவர்கள்தாம்.

மூன்றாவதாக, பெயர் கேட்க வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் பலகை எழுத முற்பட்டு, அண்டை வீடுகளுக்குச் சென்று, "உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டோம். எதிர்பாராத விளைவு உண்டாயிற்று. எட்டாண்டாகப் பேசாதிருந்த எதிர்வீட்டுப் பஞ்சாபிய அம்மையார், ஜாண்ட் மரத்தைப் பற்றித் தம் தந்தையின் வயலிலிருந்து கதை தொடங்கினார். வங்காளியர் ஒருவர் பலாஷ் பூவைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். ஹோலிப் பண்டிகைக்கு அந்தப் பூவிலிருந்து வண்ணம் எடுக்கும் வழியை மற்றொருவர் காட்டினார். இன்று அங்குள்ள பலகைகளில் இந்திப் பெயரை முதலிலும் பிற பெயர்களைக் கீழேயும் எழுதியிருக்கிறோம். வன்னியின் பலகையில் மட்டும் ஐந்து பெயர்கள்.

பிற நகரங்களில் வாழ்வோருக்கு ஒரு வார்த்தை. டில்லிக்குச் சொன்ன மரங்கள் உங்களுக்குப் பொருந்துமென்று எண்ண வேண்டாம். மும்பைக் கரையில் நம் பூவரசு 'பேண்டி' என்ற பெயரிலும், புங்கு 'கரஞ்ச்' என்ற பெயரிலும் உங்களை எதிர்கொள்ளும். பெங்களூரில் அதே புங்கு 'ஹொங்கே' ஆகும். உங்கள் ஊரின் பழைய கோயில், குளக்கரை, மலைச்சரிவு ஆகிய இடங்களில் எவரும் நடாமல் எது வளர்கிறதோ அதைப் பாருங்கள். அதன் பெயரை அவ்வூர் முதியவரிடம் கேளுங்கள். அதுவே பட்டியல்.

கடைசியாக ஒன்று. பிறமண் செடியைக் குறைகூறும்போது, பிறமண்ணில் வந்து வாழும் நம்மையும் அது சுடுமோ என்று சிலர் எண்ணக் கூடும். சுட வேண்டியதில்லை. மரத்துக்குத் தன் இயல்பை மாற்றிக்கொள்ளும் ஆற்றல் இல்லை, மனிதனுக்கு உண்டு. அவன் கேட்டு அறியலாம். பிறர் மொழியைக் கற்கலாம். இடம் விட்டு நிற்கலாம். நம் வீட்டுத் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலையை யாரும் ஒதுக்கச் சொல்லவில்லை. தென்னாட்டுக்கே உரியதென நாம் எண்ணும் அச்செடி இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் தானே வளர்கிறது. எது யாருடையது என்பதில் நாம் நினைப்பதைவிட உலகம் தாராளமானது.

தாவூ இப்போது தம் கிராமத்துக்குத் திரும்பிவிட்டார். சென்ற பங்குனியில் அந்த மூதாட்டியாரின் புரசு முதன்முறையாகப் பூத்தது. அன்று காலையில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்கள் தோட்டத்தில்" என்று சொல்லாமல், "நம் டாக் பூத்திருக்கிறது, வந்து பாருங்கள்" என்று அழைத்தவர் எதிர்வீட்டு அம்மையார்.

ஜூன் மாத இறுதியில் டில்லிக்கு மழை வரும். அதற்குள் குழி வெட்டி வைக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு அருகிலும் அத்தகைய ஒரு நிலம் கிடக்கிறது. அதற்குரியவர் யார் என்று நாளைக் காலையில் விசாரியுங்கள். அதற்கு முன், அடுத்த வீட்டாரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.